பறக்காத பறவை நிம்மதியாக இருக்கிறதா?

தை மாதத்தில் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போகிறவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் போகிறார்கள். கல்லெறிவதில்லை, கூச்சல் போடும் பிள்ளைகளை அதட்டி அடக்குகிறார்கள். ஆனால் இன்னும் நாலு எட்டு முன்னால் போகலாமா என்ற கேள்வி வரும்போது, விடைக்காக அவர்கள் பார்ப்பது பறவையைத்தான். அது கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இறகு கோதத் தொடங்கினால், "அது பாட்டுக்கு இருக்கு" என்று இன்னும் நாலு எட்டு வைக்கிறார்கள். எழுந்து பறந்துவிட்டால், நெருங்கிவிட்டோமே என்று சிறு வருத்தம். பறந்தால் தொந்தரவு, பறக்காவிட்டால் சம்மதம் என்ற இந்தக் கணக்கு மேலோட்டமாக நியாயமாகவே தெரிகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அது பிழையான கணக்கு. சில வேளைகளில் நேர்த் தலைகீழான கணக்கும்கூட. பறவையின் நடத்தையைக் கண்ணால் பார்த்து அதன் நிலையைச் சொல்லிவிட முடியாது. ஆகவே எவ்வளவு நெருங்கலாம் என்ற முடிவைப் பறவையின் முகக்குறிக்கும் பயணியின் மனசாட்சிக்கும் விட்டுவிடாமல், கரைக்கும் வேலிக்கும் பார்வைக் கோபுரத்துக்கும் ஒப்படைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் ஐடன்பர்க், லாரன்ஸ் டில் ஆகிய இருவர் 1986-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். எதிரியைக் கண்டதும் விலங்கு ஓடுகிறது என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். அப்படியல்ல என்றார்கள் இவர்கள். எதிரியை விலங்கு வெகு முன்னதாகவே கண்டுவிடுகிறது. ஆனால் உடனே ஓடுவதில்லை. ஓடுவதற்கும் ஒரு விலை உண்டு. மேய்ந்துகொண்டிருந்த இடம் போகும், சேர்த்துவைத்த கொழுப்பு கரையும், கூட்டில் இருப்பவை காப்பற்றுப் போகும். இருந்த இடத்திலேயே இருப்பதற்கும் விலை உண்டு, அது எதிரி நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது விலை முதலாவதைத் தாண்டும் புள்ளியில் விலங்கு கிளம்புகிறது. நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் கணத்தை மட்டும்தான். அச்சம் எப்போதோ தொடங்கிவிட்டது. மனிதன் கொல்ல வந்தானா, கேமராவோடு வந்தானா என்பது பறவைக்குத் தெரிய வழியில்லை. தன்னை நோக்கி நேராக நடந்துவரும் பெரிய உருவம் அதன் கணக்கில் வேட்டைவிலங்குதான்.

இதை நம் ஊர் ஏரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். வயல் வரப்பில் நத்தை தேடும் நத்தைகுத்தி நாரைக்கு அந்த வயல் போனால் அடுத்த வயல். ஆள் தலை தெரிந்ததும் எழுந்துவிடும். அதே நாரை ஏரிக்குள் நிற்கும் மரத்தில், இறகு முளைக்காத குஞ்சுகளோடு கூட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எழுந்தால் காகமும் பருந்தும் இறங்கும். உச்சிவெயிலில் தாய் இறக்கையை விரித்துக் குடைபிடிக்காவிட்டால் குஞ்சுகள் வெந்துபோகும். எனவே அது எழாது. மனிதர் இன்னும் நெருங்கினாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். வரப்பில் பறந்த பறவையைவிடக் கூட்டில் நிற்கும் பறவை நம்மை அதிகம் பொறுத்துக்கொள்கிறது என்று பயணி நினைப்பார். உண்மையில் இரண்டுக்கும் அச்சம் ஒன்றாக இருக்கலாம். போக வேறு இடம் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

இது வெறும் ஊகமாகவே நின்றிருக்கலாம், ஓர் எளிய சோதனை நடக்காமல் போயிருந்தால். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் காலின் பீலும் பாட் மோனகனும் ஸ்காட்லாந்தின் பாறைக் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் கல்திருப்பி உள்ளான்களை எடுத்துக்கொண்டார்கள். நம் கோடியக்கரைக்கும் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் வலசை வருகிற அதே இனம்தான். ஒரு பகுதியில் இருந்த பறவைகளுக்குச் சில நாள்கள் கூடுதலாகப் புழு உணவு போட்டார்கள். மற்றொரு பகுதியில் போடவில்லை. பிறகு ஆய்வாளர் ஒருவர் இரண்டு கூட்டத்தையும் நோக்கி ஒரே மாதிரி நடந்து சென்றார். வயிறு நிறைந்த பறவைகள் தொலைவிலேயே எழுந்து, வெகுதூரம் பறந்து போய் அமர்ந்தன. பசித்தவை கடைசிவரை இருந்து, கொஞ்ச தூரம் மட்டும் விலகின. 2004-ல் வெளியான இந்த முடிவைக் காப்பகத்தில் ஒரு மேலாளர் எப்படிப் படித்திருப்பார்? பறந்து ஓடிய கூட்டம் பாதிக்கப்பட்டது, அங்கே ஆள் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும். நின்ற கூட்டத்துக்குப் பாதிப்பில்லை, அங்கே பாதை போடலாம். அப்படிச் செய்திருந்தால், தாங்கக்கூடிய பறவைகளைக் காப்பாற்றி, தாங்க முடியாதவற்றின் நடுவே ஆளை அனுப்பியதாகியிருக்கும்.

பறவையின் உடலுக்குள்ளேயே பார்த்த ஆய்வுகளும் இதே திசையில்தான் செல்கின்றன. சிலி நாட்டுத் தீவுகளில் அடைகாக்கும் ஹம்போல்ட் பென்குயின்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்த ஆய்வொன்று 2006-ல் வந்தது. கூட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி ஒரு மனிதர் நடந்து போனாலே துடிப்பு ஏறியது. நேரில் வந்துவிட்டுப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம்வரை பிடித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பறவை அசையாமல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். பென்குயின்களிலேயே ஜென்டூ போன்ற சில இனங்கள் இதைவிட மிகவும் திடமானவை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை; இனத்துக்கு இனம் வேறுபாடு பெரிது. பறவைகளோடு இது நிற்கவில்லை. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள், மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர் சரணாலயங்களில் புலிகளின் எச்சத்தைச் சேகரித்து அதில் மன அழுத்த ஹார்மோன்களின் எச்சங்களை அளந்தார்கள். மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது இருந்த அளவைவிட, ஜீப்புகள் ஓடும் பருவத்தில் அளவு கூடியிருந்தது. ஜீப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாதையில் சாவகாசமாக நடந்துபோகும் புலியின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தச் சாவகாசத்தை நம்பலாமா என்பது இப்போது கேள்விக்குறி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விலங்குகள் பழகிக்கொள்கின்றனவே? முதலில் மிரண்டாலும் நாளடைவில் மனிதரைப் பொருட்படுத்தாமல் போகின்றனவே? பழக்கம் உண்மைதான், அதை மறுக்க முடியாது. கலாபகசுத் தீவுகளின் கடல் உடும்புகளில் சுற்றுலாப் பயணிகளை நாள்தோறும் பார்ப்பவற்றுக்கும் மனிதரையே பார்க்காதவற்றுக்கும் சாதாரண நிலையில் அழுத்த ஹார்மோன் அளவில் வேறுபாடில்லை என்று 2002-ல் ஓர் ஆய்வு கண்டது. ஆனால் அதே ஆய்வில், பிடித்து வைத்தபோது பயணிகளுக்குப் பழகிய உடும்புகளின் ஹார்மோன் எழுச்சி குறைவாக இருந்தது. அது பழகியதன் அடையாளமா, ஆபத்துக்கு எழுந்து நிற்கும் திறன் மழுங்கியதன் அடையாளமா என்று அறுதியிட முடியவில்லை. ஈக்வடாரின் குயாபெனோ காட்டில் ஹோட்சின் என்ற விசித்திரப் பறவையைப் பற்றிக் கிடைத்த சான்று இன்னும் கூர்மையானது. படகில் பயணிகள் வந்துபோகும் ஏரிகளில் முதிர்ந்த பறவைகள் நன்றாகவே பழகியிருந்தன. மற்ற இடங்களைவிட நெருங்க விட்டன. ஆனால் அதே கூடுகளில் வளர்ந்த குஞ்சுகள் எடை குறைந்திருந்தன, அழுத்தத்துக்கு அவற்றின் உடல் அதிகமாகத் துடித்தது, பிழைத்தவை குறைவு. பெற்றோரைப் பார்த்துச் சுற்றுலா நல்லபடியாக நடக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். பழகியது ஒரு தலைமுறை, விலை கொடுத்தது அடுத்த தலைமுறை.

பழக்கம் பற்றிப் பேசும்போது நம் கிராமங்களை விட்டுவிட முடியாது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் குளத்து மரங்களோடு நில்லாமல் தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கீழே துணி துவைக்கிறார்கள், ஆடு கட்டுகிறார்கள், எச்சமும் மீன் கவிச்சியும் கூரைமேல் விழுகின்றன. யாரும் கூட்டைக் கலைப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி இல்லை. இத்தனை நெருக்கத்தில் பறவை நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கும்போது, நூறு மீட்டர் தள்ளி நில் என்று நகரத்துப் பயணியிடம் சொல்வது அர்த்தமற்றதல்லவா என்று கேட்கலாம். இதற்கு விடை, பறவைகள் மனிதர் என்று பொதுவாக ஒரு வகையைப் பார்ப்பதில்லை என்பதில் இருக்கிறது. 2009-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் செய்யப்பட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கடந்துபோகும் நடைபாதையோரப் புதர்களில் மாக்கிங்பேர்டு என்ற பறவை கூடு கட்டுகிறது. யாரையும் சட்டை செய்வதில்லை. ஒருவர் மட்டும் அடுத்தடுத்து நாலு நாள், நாளொன்றுக்கு அரை நிமிடம், கூட்டருகே வந்து நின்றார். நாளுக்கு நாள் பறவை அவரை இன்னும் தொலைவிலேயே கண்டு எழுந்தது, தாக்கவும் வந்தது. ஐந்தாம் நாள் வேறொருவர் அதேபோல் வந்தபோது பழைய அலட்சியத்துக்கே திரும்பியது. கூந்தன்குளத்து நாரைக்குத் தெரிந்தவர்கள், நாளும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் தன்னைப் பாராமல் நடப்பவர்கள். பயணியோ நின்று, அண்ணாந்து, நேராகத் தன்னையே உற்றுப் பார்க்கிற அந்நியர். கிராமத்தார் பல காலமாகச் சம்பாதித்த நம்பிக்கையை டிக்கெட் வாங்கியவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

தொலைவு என்ற ஏற்பாட்டுக்கு இந்நாட்டில் நல்ல முன்மாதிரி, வேடந்தாங்கல் ஏரிக்கரையே. சுமார் 30 ஹெக்டேர் அளவுள்ள பாசன ஏரி அது, சரணாலயமாக வெட்டப்பட்டதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று 1798-ல் ஒரு கவுல் (எழுத்துமூல உறுதி) வாங்கினார்கள் என்பது பரவலாகப் பதிவான வரலாறு. 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்கு இதில் கருணை மட்டுமன்றிக் கணக்கும் இருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்திருக்கின்றன, பாயும் வயலுக்கு எரு போட வேண்டியதில்லை. கருணையைவிடக் கணக்கு நீடித்து நிற்கும் என்பது என் எண்ணம். இருக்கட்டும், நம் பேச்சுக்குத் தேவையானது ஏரியின் அமைப்பு. மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, பார்ப்பவர் கரையில் நிற்கிறார், நடுவில் நீர். நரியும் பூனையும் எட்டமுடியாத அகழியாகப் பறவை தேர்ந்தெடுத்த அதே நீர், பயணியையும் தடுத்து நிறுத்துகிறது. யாருடைய நல்லெண்ணத்தையும் நம்ப வேண்டிய தேவை அங்கே இல்லை. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில்தான் இந்த ஏற்பாடு உடைகிறது.

எவ்வளவு தொலைவு போதும் என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில் நீர்ப்பறவைக் குடியிருப்புகளை நோக்கி நடந்தும் படகில் சென்றும் அவை எப்போது எழுகின்றன என்று குறித்த ஜேம்ஸ் ராட்ஜர்ஸ், ஹென்றி ஸ்மித் இருவரும், கொக்கு நாரை வகைகளுக்குச் சுமார் 100 மீட்டரும், ஆலாக்கள் சேர்ந்து கூடு கட்டும் இடங்களுக்கு 180 மீட்டரும் விலகி நிற்கப் பரிந்துரைத்தார்கள். இவை அங்குள்ள இனங்களுக்கான எண்கள், நம் ஏரிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. பொதுப்போக்கு பொருந்தும்: படகைவிடக் கால்நடையாக வருபவரைக் கண்டு பறவைகள் அதிகம் மிரண்டன. இன்னொரு ஆய்வில், அதே மாநிலத்தின் டிங் டார்லிங் காப்பகத்துக்கு வந்தவர்களில் பறவைகளை அதிகம் தொந்தரவு செய்தவர்கள் புகைப்படக்காரர்கள் என்று மேரி கிளைன் கண்டார். வண்டியை விட்டு இறங்கி, நேராக நடந்து, நெடுநேரம் நின்றவர்கள் அவர்கள்தாம். இயற்கை மேல் அதிக ஆர்வம் கொண்டவர் குறைவாகத் தொந்தரவு செய்வார் என்ற நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. ஆர்வம்தான் காலை முன்னால் இழுக்கிறது.

அடுத்த மறுப்பு அரசியல் சார்ந்தது, எனக்கும் அதில் பெருமளவு உடன்பாடு உண்டு. மக்கள் வந்து பார்க்காத காட்டுக்கும் ஏரிக்கும் பரிந்து பேச ஆள் இருக்காது. 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் ஆர எல்லையைக் குறைக்கும் முன்மொழிவு வெளியானபோது அத்தனை எதிர்ப்புக் கிளம்பியதற்கு, பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையாவது அந்தக் கரையில் நின்றவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தது ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இந்த வாதம், பயணிகள் வர வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. நெருங்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் ஹெட் பாறை முகடுகளில் கூடு கட்டும் கடற்பறவைகளை ஆராய்ந்த அதே பீலும் மோனகனும், கூடுகளின் வெற்றி பார்வையாளர் எண்ணிக்கை, அவர்கள் நிற்கும் தொலைவு இரண்டும் சேர்ந்த பளுவைப் பொறுத்தது என்று காட்டினார்கள். அப்படியானால் தொலைவு என்பது ஒரே எண்ணாக இருக்கக்கூடாது. சாதாரண செவ்வாய்க்கிழமைக்குப் போதுமான தொலைவு காணும் பொங்கல் கூட்டத்துக்குப் போதாது. நம் சரணாலயங்களில் கூட்டமும் கூடுகளும் உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ ஒரே மாதத்தில் என்பதால், அன்று கரையின் ஒரு பகுதியை அடைத்துவைப்பது கெடுபிடி ஆகாது.

இன்னொரு குரலும் உண்டு: பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலம் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் பலியாகிச் சுருங்கிக் கிடக்கையில், வரத்துக்கால்வாய்கள் அடைபட்டிருக்கையில், நாலு பேர் நாலு எட்டு முன்னால் போவதைப் பற்றி ஆய்வு எதற்கு? ஒப்பிட்டால் நீர்தான் பெரிய பிரச்சினை, அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் வைப்பது சரியல்ல. மழை பொய்த்த ஆண்டில் ஏரி வற்றுகிறது, சுற்றுவட்டார வயல்களில் நத்தையும் மீனும் குறைகின்றன, போக்கிடமும் குறைகிறது. அப்படிப்பட்ட ஆண்டில் வந்த சில பறவைகள், ஸ்காட்லாந்தின் பசித்த உள்ளான்களைப்போல, ஆளைக் கண்டும் எழ மாட்டா. வற்றிய ஏரியில் கால் நனையாமல் மரத்தடிவரை நடந்துபோகவும் முடியும். பறவைகள் மிக நலிந்திருக்கும் ஆண்டுதான் பயணிக்கு மிக நெருக்கமான படங்கள் கிடைக்கும் ஆண்டு. நீர்ப் பிரச்சினை பெரிதாக ஆக, நெருங்குதலின் விலையும் கூடிக்கொண்டே போகிறது.

ஆக, விடுமுறைக்கு ஒரு சரணாலயத்தைத் தேர்ந்தெடுப்பவர் என்ன செய்யலாம்? முதலில் மழையைப் பார்த்துத் தேதி குறிக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டில் ஏரிகளை அவற்றின் பாட்டில் விட்டுவிட்டு வேறெங்காவது போகலாம். போன இடத்தில் பறவையை நோக்கி நேராக நடக்காமல் பக்கவாட்டில் கடந்துபோவதுபோல் நடந்தால் அது குறைவாக மிரளும். இதற்கும் அளவெடுத்த சான்று உண்டு. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பது, போட்டியாளன் வந்துவிட்டான் என்று பறவையை ஏமாற்றி அலையவிடுவதாகும். டிரோன் பற்றி விவாதமே வேண்டாம்: 2021-ல் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ஒன்று கூட்டிடத்தில் விழுந்ததும் ஆயிரக்கணக்கான ஆலாக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன. தொலைவில் நின்றால் குழந்தைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி ஒன்றின் வழியே பார்த்தால், நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் விட்டிருக்கும் இடைவெளிகூடக் கரையிலிருந்தே தெரியும். புகைப்படக்காரர் தோளில் தொங்கும் ஒரு பெரிய லென்ஸின் விலையில் அப்படிப்பட்டவை பல வாங்கலாம். ஒவ்வொரு கோபுரத்திலும் ஒன்றை நிறுத்தி, அருகே விளக்கிச் சொல்ல உள்ளூர் இளைஞர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது வனத்துறைக்குப் பெரிய செலவு அல்ல. இறங்கி நடக்கத் தூண்டும் ஆர்வத்தை அது மேலேயே நிறுத்தி வைக்கும்.